கிணற்றடிப் பேலே

சிகடோகா பள்ளத்தாக்கு
5 மார்ச் 2000

அக்காவுக்கு ஜான்கி எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் வலது பக்க வயிற்றில் அவ்வப்போது பிடிக்கிறது. எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன். பிரிஸ்பேனில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்னபடி தமிழிலேயே எழுதுகிறேன். உன் கடிதங்கள் பல்ராம் சித்தப்பாவின் கடைக்குத்தான் வருகின்றன. அவர் பிரித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. போன முறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, உங்க அக்கா காயிதத்துல ஜிலேபி பிழிஞ்சு அனுப்பியிருக்காளா?" என்றார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நாம் இருவரும் அழுதுகொண்டே போனது இதற்காவது உதவுகிறது.

போன ஜூனில் நீ வந்தபோது உன் ஆராய்ச்சிக்காக மலைப் பேலேக் கீரையின் பூவில் கடற்கரைப் பேலேயின் மகரந்தத்தைத் தடவினோமே, அந்த விதைகள் இப்போது முழங்கால் உயரம். ஆறு வரிசை, வரிசைக்கு இருபது, ஆக நூற்றிருபது கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் தகரச் சீட்டு கட்டியிருக்கிறேன். அவற்றில் பதினான்கு செத்துவிட்டன. இலை மஞ்சளாகி, தண்டு சுருண்டு, நாலே நாளில் போய்விடுகின்றன. தண்ணீர் குறையவில்லை, பூச்சியும் இல்லை. என் தவறா என்று பயமாக இருக்கிறது.

என்னோடு படித்த பிள்ளைகள் ஐந்தாம் ஃபார்முக்கு, அதாவது பதினோராம் வகுப்புக்கு, போய்விட்டார்கள். பள்ளி பஸ் போகும்போது செடிகளுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். இரண்டு வருஷம் செடியைப் பார்த்துக்கொண்டால் அங்கே வந்து படிப்பை முடிக்கலாம் என்றாயே, அதற்கான விண்ணப்பப் பாரம் எப்போது வரும்? டிசம்பரோடு நம் நிலத்தின் லீஸ் முடிகிறது. நிலத்துக்காரர்கள் புதுப்பிக்க மாட்டார்கள் என்கிறார் அப்பா.

குளிக்கும் தண்ணீரைச் சுடவைத்துக் குளி.

ஜான்கி

*

பிரிஸ்பேன்
27 மார்ச் 2000

ஜான்கிக்கு, வந்தனா. உங்கள் எல்லோருடைய உடம்பும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு வேலை அதிகம், வேறு குறை இல்லை.

செத்த கன்றுகளுக்காக அழாதே. அவை சாகவேண்டும். ஏன் என்று சொல்கிறேன், அப்போதாவது ஒழுங்காகக் குறித்துவைப்பாய்.

பள்ளியில் ஒருமுறை சங்கிலிக் கடிதம் வந்தது நினைவிருக்கிறதா? 'இதைப் பத்துப் பேருக்கு எழுது, இல்லாவிட்டால் கேடு வரும்' என்பதைத் தவிர அதில் வேறு செய்தியே கிடையாது. செடியின் டிஎன்ஏயில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். இலை செய், பூ செய் என்று சொல்லும் பகுதி கொஞ்சம். மீதியெல்லாம் ஒரே வரி திரும்பத் திரும்ப. சில வரிகளுக்குத் தம்மைத் தாமே படியெடுத்து வேறு இடங்களில் நுழைத்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. மலையில் தனித்துப் போன பேலேயில் ஒரு வரி பெருகியது. கடற்கரைப் பேலேயில் வேறொரு வரி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கீரை. உள்ளே இரண்டு புத்தகம்.

மகரந்தம் உண்டாகும்போது தாய்வழிப் புத்தகமும் தகப்பன்வழிப் புத்தகமும் பக்கத்துக்குப் பக்கம் பொருந்தியாக வேண்டும். ஒன்றில் ஒரே பக்கம் நாற்பது தடவை வந்தால் எப்படிப் பொருந்தும்? இரண்டும் ஒத்துப்போகாமல் சில கன்றுகள் பாதி வளர்ந்ததும் சாகும், பிழைத்தவை சப்பை விதை வைக்கும். ஒரு செடி இரண்டு இனமாகப் பிரிவது இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் ஆராய்ச்சி.

ஆகவே எது செத்தாலும் அந்த இடத்தைத் தொடாதே. எண்ணையும் தேதியையும் எழுது. பாரம் பற்றி இப்போது யோசிக்காதே, முதலில் பூக்கட்டும். உன் கையெழுத்தில் 3 எது, 5 எது என்று தெரியவில்லை. திருத்திக்கொள்.

அம்மாவைக் காரம் குறைக்கச் சொல்.

வந்தனா

*

சிகடோகா
1 மே 2000

அக்காவுக்கு ஜான்கி. அப்பா திடமாக இருக்கிறார். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்துவிட்டது. பதினைந்தாம் தேதி தலைநகர் சுவாவுக்குக் கூட்டிப்போகிறேன், அறுவை செய்வார்களாம். உனக்கு அங்கே சளி பிடிக்கவில்லையே?

எண்களைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். இதுவரை நாற்பத்தொன்று செத்தன. பட்டியல் கூடவே இருக்கிறது.

அப்பாவால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. "பல்லு கொட்டின வாயாட்டம் இருக்கு வரிசை. கரும்புல ஒரு கட்டை பட்டுப்போனாலும் மறுநாளே வேற கட்டை வச்சு மூடிருவோம். ஓட்டையோட விட்டவன் விவசாயியா?" என்கிறார். பக்கத்து நிலத்து ஷைலேந்திரா டிராக்டரை நிறுத்தி, "மாமா, பேலேக்கு மொட்டை அடிச்சு வேண்டுதலா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அப்பா கடைப்பக்கமே போகவில்லை.

நீ சொன்னதை அப்பாவிடம் விளக்கப் பார்த்தேன். எனக்குச் சத்தம் வரவில்லை. அக்கா தொடவேண்டாம் என்றாள் என்று மட்டும் சொன்னேன்.

சுவாவிலிருந்து ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன். அதற்குள் பூ வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

நன்றாகத் தூங்கு.

ஜான்கி

*

சிகடோகா
24 ஜூன் 2000

அக்கா, உயிரோடு இருக்கிறோம். அதையே முதலில் எழுதுகிறேன். அம்மாவின் தையல் ஆறிவிட்டது. உன்னிடமிருந்து இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை. தபால் நின்றதா, நீதான் எழுதவில்லையா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு அறுவை முடிந்த மறுநாள்தான் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்தைப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, கொள்ளையடித்துக் கொளுத்திய கடைத்தெருவின் புகையைப் பார்த்தேன். ஒரு மனிதர் தோளில் குளிர்சாதனப் பெட்டியைச் சுமந்துகொண்டு சாலையில் ஓடினார். பிறகு ஊரடங்கு. பஸ் இல்லை. அம்மாவின் சித்தி மகள் வீட்டில் நான்கு வாரம் ஒரே அறையில் ஒன்பது பேர்.

போன புதன்கிழமை வீடு வந்தோம். பையைக்கூட இறக்காமல் தோட்டத்துக்கு ஓடினேன்.

அக்கா, வரிசைகளில் ஓட்டை இல்லை. நூற்றிருபது இடத்திலும் பச்சையாக நிற்கிறது.

அப்பா பின்னாலேயே வந்து நின்றார். கிணற்றடியில் அம்மா கறிக்கு வைத்திருக்கும் பேலேயிலிருந்து குச்சி ஒடித்து எல்லா இடத்திலும் நட்டிருக்கிறார். செத்த கன்றுகளின் தகரச் சீட்டுகளையும் அவற்றிலேயே கட்டிவிட்டார். "எப்படி? ஒண்ணு பாக்கியில்ல. எல்லாம் துளிர் விட்டுருச்சு" என்றார். நான் அழுதேன். அவருக்குப் புரியவில்லை. "ஊரே கொள்ளையில மாடு போச்சு, மரவள்ளி போச்சுன்னு கெடந்து அழுது. நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீங்கன்னு தெரியல. கை சும்மா இருக்குமா? இருந்த ஓட்டைய அடைச்சேன். தப்பா?" என்றார்.

தப்பில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாற்பத்தொன்றின் எண் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை செத்தன, எங்கே நட்டார் என்று அப்பாவுக்கே நினைவில்லை. என்ன செய்யட்டும்?

கோபப்பட்டாலும் எழுது.

ஜான்கி

*

பிரிஸ்பேன்
11 ஜூலை 2000

ஜான்கிக்கு. அம்மா நலமாக வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. நான் நலம்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்ல உனக்கு வாய் இல்லை. அந்த ஓட்டைகள்தான் என் ஆராய்ச்சி. ஒரு வருஷ வேலையைக் கீரைக் குச்சியால் அடைத்துவிட்டீர்கள். என் பேராசிரியரிடம் என்ன சொல்வது? பள்ளியைப் பாதியில் விட்ட பெண் கையில் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

நூற்றிருபது செடியிலும் இலை பறி. செய்தித்தாள் நடுவே உலர்த்தி, எண் எழுதி அனுப்பு. தபாலுக்கான அனுமதிக் கடிதம் உள்ளே இருக்கிறது. கிணற்றடிச் செடியின் இலையையும் தனியாக வை. எது கன்று, எது குச்சி என்று இங்கே சோதித்துப் பிரிக்கிறேன். பிழைத்த கன்றுகளின் காயையும் பார். விதையைத் தண்ணீரில் போடு: நிறைந்தது முழுகும், சப்பை மிதக்கும். ஏழு வயதுப் பிள்ளைகூடச் செய்யும் வேலை.

எல்லோரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வந்தனா

*

சிகடோகா
8 ஆகஸ்ட் 2000

அக்காவுக்கு ஜான்கி. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நீ கோபத்தில் சாப்பிடாமல் இருக்கவேண்டாம்.

நூற்றிருபத்தொரு உறை அனுப்பியிருக்கிறேன். பிழைத்த கன்றுகளின் நானூறு விதையைத் தண்ணீரில் போட்டேன். ஒன்பது முழுகின. மற்றவை மிதந்தன.

கேட்காமல் ஒன்று செய்தேன், திட்டாதே. கிணற்றடிப் பேலேயும் பூத்திருந்தது. நீ கற்றுக்கொடுத்தபடி சாயங்காலம் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பையைக் கிள்ளி, காகித உறை மாட்டி, மறுநாள் காலை மலைப் பேலேயின் மகரந்தத்தைப் பத்துப் பூவில் தடவினேன். கடற்கரையுடையதைப் பத்துப் பூவில். இருபதும் பிஞ்சிலேயே விழுந்துவிட்டன. ஆனால் தானாகக் காய்த்த காயில் எடுத்த விதை எல்லாம் முழுகின. நூற்றுக்கு நூறு. அது மலையோடும் சேரவில்லை, கடற்கரையோடும் சேரவில்லை, தன்னளவில் நன்றாக இருக்கிறது. ஒருவேளை அது இரண்டும் இல்லையோ?

எனக்குத் தெரிந்தவரை எழுதினேன். தவறாக இருந்தால் விட்டுவிடு.

அந்தப் பாரம் பற்றி ஒரு வரி எழுதுவாயா?

ஜான்கி

*

சிகடோகா
2 அக்டோபர் 2000

அக்கா, நலமா? இங்கே மழை இல்லை. இலைகள் வந்து சேர்ந்தனவா என்று மட்டும் எழுது. நிலத்துக்காரர்கள் வந்து வேலியை அளந்துவிட்டுப் போனார்கள்.

ஜான்கி

*

பிரிஸ்பேன்
20 அக்டோபர் 2000

என் செல்ல ஜான்கிக்கு! எப்படி இருக்கிறாய்? அம்மா அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

உட்கார்ந்து படி. உன் கிணற்றடிப் பேலே மூன்றாவது இனம்! அதில் மலையின் சங்கிலிக் கடிதமும் இருக்கிறது, கடற்கரையின் சங்கிலிக் கடிதமும் இருக்கிறது, இரண்டும் முழுதாக, இரண்டிரண்டு பிரதியாக. என்றோ ஒருநாள் இரண்டும் கலந்து பிறந்த ஒரு கன்றில் புத்தகம் முழுவதும் இரட்டித்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் பொருந்தும் ஜோடி கிடைத்துவிட்டது. விதை நிறைந்துவிட்டது. தாயோடும் தகப்பனோடும் இனிச் சேராது. சேர்ந்தபிறகு சில வரிகள் புதிதாகப் பெருகியும் இருக்கின்றன. பேராசிரியர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜனவரியில் மாநாட்டில் பேசுகிறேன். நன்றி சொல்லும் இடத்தில் 'உள்ளூர் உதவி' என்று உன்னையும் சேர்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. ஒரு செடி இனம் ஆகாது. அது எங்கோ தானாக, கூட்டமாக, கன்றும் தாயுமாக வளரவேண்டும். அப்படி ஓர் இடமாவது காட்டாவிட்டால் இது தற்செயல் என்று தேர்வாளர்கள் தள்ளிவிடுவார்கள், என் பட்டமும் தள்ளிப்போகும். அம்மாவுக்கு அந்தக் குச்சி எங்கிருந்து வந்தது என்று கேள். மலைப்பக்கம் தேடு. நீதான் தேடமுடியும், வேறு யாருக்கும் உன் கண் இல்லை.

பாரம் பற்றி விசாரித்தேன். பன்னிரண்டு முடிக்காதவர்களுக்கு மாணவர் விசா கொடுக்க மாட்டார்களாம். நீ பள்ளியை விட்டிருக்கக்கூடாது. பார்ப்போம்.

ஷைலேந்திரா வீட்டு நிலம் லீஸ் இல்லை, சொந்த நிலம்தானே? சும்மா கேட்டேன்.

முத்தங்கள்.

வந்தனா

*

சிகடோகா
3 டிசம்பர் 2000

அக்காவுக்கு. எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். கல்யாணமாகி வந்த வருஷம் வடக்கே பினாங்கு ஆலைப் பக்கத்துத் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததா, இங்கே சந்தையில் யாரோ கொடுத்ததா, ஞாபகமில்லை என்கிறாள்.

நேற்று பல்ராம் சித்தப்பா கடையை மூடிவிட்டு நேராக வந்தார். கையில் அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம். இந்த முறை இங்கிலீஷில் இருந்ததால் அவரால் படிக்க முடிந்தது. முற்றத்தில் நின்றே ஹிந்தியில் சொல்லிச் சொல்லிப் படித்தார். "அரே பையா, அண்ணே, கேட்டியா உன் பெரிய மக புத்திய! ஷைலேந்திராவுக்கு ஜான்கியக் குடுத்துருங்கறா. வயசு முப்பத்தாறுன்னா என்ன, நிலம் அவனோடது, எவனும் துரத்த மாட்டான்கறா. ஜான்கி வெளிநாடு வந்தா தாங்க மாட்டா, கூச்சப்படுற பொண்ணு, ஊரோட இருக்கறதுதான் அவளுக்கு நல்லதுன்னு எழுதியிருக்கா."

"வந்தனாவே சொன்னாளா?" என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இன்னும் கேளு. அந்த ஆறு வரிசைப் பேலேயையும் பேர்த்து அவன் நிலத்துல நடணுமாம். வரதட்சணைக்கு இதப் போல கீரைக்கட்டு யாரு குடுத்தா?" என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதை நீயா எழுதினாய்?

உன் பதில் வரும்வரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஜான்கி

*

பிரிஸ்பேன்
22 டிசம்பர் 2000

அன்பு ஜான்கிக்கு. புதுவருஷம் உனக்கு ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும்.

எல்லாம் உன் நன்மைக்குத்தான். அப்பா அம்மாவுக்கும் ஒரு கூரை வேண்டாமா? என் செல்லம், எல்லோராலும் எல்லா இடத்திலும் வேர் பிடிக்க முடியாது. உனக்கு ஊதா நிறப் புடவை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

பெயர்த்து நடும்போது வேரோடு மண் கட்டி எடு. கிணற்றடிச் செடியை வரிசையோடு கலக்காதே. மே மாதத்துக்குள் இரண்டாவது இடம் கிடைத்தாக வேண்டும். ஷைலேந்திராவுக்கு டிராக்டரோடு வேனும் இருக்கிறதாமே, மலைக்குக் கூட்டிப்போகச் சொல். ஜூனில் ஆய்வேட்டைக் கொடுக்கிறேன்.

கல்யாணத்துக்கு வர முடியாததற்கு மன்னித்துக்கொள். மாநாடு அதே வாரம்.

வந்தனா

*

சிகடோகா
22 ஏப்ரல் 2001
(தபாலில் சேர்க்காதது)

அக்கா, நான் நலம். நிஜமாகவே இன்றைக்கு நலம்.

வேனை என் வீட்டுக்காரர் தரவில்லை. "கீரை பாக்க டீசலா?" என்றார். இவருடைய அம்மா, "படிக்காதவளுக்குப் படிச்சவ பைத்தியம் தொத்திக்கிச்சு" என்றார். சந்தையில் மரவள்ளி விற்கும் மேரே தன் கிராமத்து லாரியில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் மேலே போனோம். அங்கிருந்து ஓடையோரமாக நடை.

சரிவு திரும்பியதும் நின்றுவிட்டேன். மஞ்சள் பூ, நடுவில் ஊதாக் கண், சரிவு முழுக்க. இலையின் அடியைத் தடவினேன். கிணற்றடிச் செடியின் அதே சொரசொரப்பு. இருநூறு வரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை. பெரிய செடிகளின் அடியில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள். யாரும் குச்சி ஒடித்து நட்டவை அல்ல. பத்துக் காயைப் பிளந்து மேரேயின் தேநீர்க் குவளையில் ஓடைத் தண்ணீர் எடுத்து விதைகளைப் போட்டேன். எல்லாம் அடிக்குப் போய்விட்டன. நான் கத்திவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

மேரே பயந்துபோய் ஓடிவந்தாள். "பாம்பா?"

"பேலே!"

"இதுவா பேலே? இத யாரும் பேலேன்னு சொல்ல மாட்டாங்க ஜானி. இது வேற. நாங்க பன்னிக்குப் போடுவோம். உங்க அம்மா இதையா சமைச்சாங்க? உங்க அப்பா பாவம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை.

லாரியில் திரும்பும்போது உனக்கு எழுதவேண்டிய வரிகளையே யோசித்துக்கொண்டு வந்தேன். கிராமத்தின் பெயர், ஓடை, எத்தனை அடி உயரம். நீ விமானத்தில் வருவாய். பேராசிரியர் வருவார். சரிவில் நின்று ஃபோட்டோ எடுப்பீர்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். பெயர் வைப்பீர்கள். நீ திரும்பிப் போவாய். அதன்பிறகு மாதம் ஒருமுறை இலை பறித்து அனுப்ப எனக்கு எழுதுவாய், நான் சாகும்வரை.

நான் கெட்டவள் ஆகவேண்டும் என்று நினைத்ததில்லை. உன் பட்டம் முழுவதும் இந்த ஒரு சரிவில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். இது நான் பார்த்தது. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

மேரேயிடம் யாருக்கும் காட்டாதே என்று கேட்டுக்கொண்டேன். "பன்னித் தீனிய யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றாள்.

*

சிகடோகா
23 ஏப்ரல் 2001

அன்புள்ள அக்காவுக்கு ஜான்கி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு வலி இல்லை. அப்பா இவர்களோடு ஒத்துப்போகிறார். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஏழு கிராமங்களில் தேடினேன். நேற்று மலையில் நெடுந்தூரம் போய்வந்தேன். மலைப் பேலேயும் கடற்கரைப் பேலேயும்தான் கிடைத்தன. அவற்றின் இலைகளை எண் எழுதி அனுப்பியிருக்கிறேன். நீ கேட்டது எங்கும் இல்லை. கிணற்றடியில் இருந்த அந்த ஒரு செடி தற்செயலாக முளைத்ததுதான் போலிருக்கிறது. தேர்வாளர்கள் அப்படிச் சொன்னால் மனம் உடைந்துவிடாதே.

புடவை அழகாக இருக்கிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் தங்கை
ஜான்கி